பேசாதிருக்கப் பணிக்கப்பட்ட பெண் வீரர்கள்

இரண்டாம் உலகப் போரில் சோவியத் செஞ்சேனையில் பணியாற்றிய பெண்கள் ஏறத்தாழ 8 லட்சம் பேர் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகின்றனர். அந்தப் போரில் ஈடுபட்ட மற்ற வல்லரசுகளும் பெண்களைப் படைத்துறைக்குள் கொண்டுவந்தன என்றாலும், பிரிட்டனும் அமெரிக்காவும் அவர்களைப் பெரும்பாலும் தொலைத்தொடர்பு, போக்குவரத்து, அலுவலகம், மருத்துவமனை ஆகிய துணைப் பணிகளிலேயே வைத்திருந்தன. போர் விமானியாகவும், டாங்கி ஓட்டுநராகவும், இயந்திரத் துப்பாக்கி இயக்குபவராகவும், மறைந்திருந்து குறிபார்த்துச் சுடும் ஸ்னைப்பராகவும் பெண்களை இவ்வளவு பெரிய அளவில் நேரடிச் சண்டைக்கு அனுப்பியது சோவியத் ஒன்றியம் மட்டுமே. அப்படிப் போரிட்டவர்கள் வெற்றி கிடைத்த சில ஆண்டுகளுக்குள் பொது நினைவிலிருந்து ஏறக்குறைய முற்றாக மறைந்து போனார்கள். பெண்களுக்கே உரிய அடக்கத்தால் அவர்கள் தங்கள் சேவையைப் பற்றிப் பேசாமலிருந்தார்கள் என்ற விளக்கம் நெடுங்காலம் வழக்கில் இருந்தது. அந்தக் காலத்துச் சட்டங்களையும் ஆணைகளையும் தலைவர்களின் உரைகளையும் வரிசையாக வைத்துப் பார்ப்பவருக்கு அந்த விளக்கம் நிற்காது. அந்த மௌனத்தில் அரசுக்குப் பெரும் பங்கு இருந்தது. எஞ்சியதைச் சமூகம் செய்து முடித்தது.

1941 ஜூன் 22 அன்று ஜெர்மானியப் படைகள் எல்லையைக் கடந்தபோது, ஆள்சேர்ப்பு நிலையங்களின் முன் வந்து நின்ற பெண்கள் திடீர் உணர்ச்சியால் உந்தப்பட்டு வந்தவர்கள் அல்லர். 1930களில் ஓசோவியாகிம் என்ற அமைப்பு, அதாவது குடிமக்களுக்குத் துப்பாக்கிச் சுடுதல், வானூர்தி ஓட்டுதல், பாராசூட் குதித்தல் முதலியவற்றைக் கற்றுத்தந்த தன்னார்வப் பாதுகாப்புக் கழகம், நாடெங்கும் மன்றங்களை நடத்தியது. ஆலைத் தொழிலாளிப் பெண்ணும் கல்லூரி மாணவியும் மாலை நேரங்களில் அங்கே பயின்றார்கள். 1938 செப்டம்பரில் மரீனா ரஸ்கோவா, வாலெந்தினா கிரிசோதுபோவா, போலினா ஒசிபென்கோ ஆகிய மூவரும் மாஸ்கோவிலிருந்து தூரக்கிழக்கு நோக்கி இடைநில்லாமல் 5,900 கிலோமீட்டர் தொலைவைப் பறந்து கடந்து, நாட்டின் மிக உயர்ந்த விருதான ‘சோவியத் ஒன்றியத்தின் வீரர்’ பட்டத்தைப் பெற்ற முதல் பெண்களானார்கள். பள்ளிப் பருவத்தில் அந்தச் செய்தியைப் படித்து வளர்ந்த தலைமுறைதான் மூன்றே ஆண்டுகளில் போர்முனை கேட்டு வரிசையில் நின்றது. அரசு முதலில் அவர்களைத் திருப்பி அனுப்பியது. முதல் சில மாதங்களில் லட்சக்கணக்கான வீரர்களை இழந்த பிறகே அதன் நிலைப்பாடு மாறியது. 1941 அக்டோபரில் ரஸ்கோவாவின் முயற்சியால் மூன்று பெண் விமானப் படைப்பிரிவுகளை அமைக்க ஆணை பிறந்தது. 1942 மார்ச்சில் கொம்சோமோல் என்ற இளைஞர் அமைப்பின் வழியாக ஒரு லட்சம் இளம்பெண்களை வான்காப்புப் படைக்குச் சேர்க்கும்படி உத்தரவிடப்பட்டது. கொள்கை மாற்றத்துக்குச் சமத்துவ இலட்சியம் ஓரளவு துணை நின்றிருக்கலாம். ஆள் பற்றாக்குறையே அதை நடத்திக்காட்டியது.

பெண்கள் படைக்குள் வந்துவிட்டார்கள், ஆனால் படையின் பண்டகசாலை அவர்களுக்காகத் தயாராகவில்லை. பல பெண்களுக்குப் போரின் முதல் ஆண்டுகளில் கிடைத்தவை ஆண்களின் உள்ளாடையும், ஆண்களின் நீள அங்கியும், இரண்டு மூன்று அளவு பெரிய காலணியுமே. காலுறைக்குப் பதிலாகக் காலில் சுற்றிக்கொள்ளும் ‘போர்த்யான்கி’ என்ற துணிப்பட்டையைச் சரியாகச் சுற்றத் தெரியாதவரின் பாதம் ஒரே நாள் நடையில் கொப்புளித்துப் புண்ணாகிவிடும். நீண்ட பின்னல்கள் முதல் நாளே வெட்டப்பட்டன. மாதவிடாய்க்கு எந்த ஏற்பாடும் இல்லாததால் பஞ்சு, கிழிந்த சட்டை, காயங்களுக்குக் கட்டும் துணி என்று கையில் அகப்பட்டதை அவர்கள் பயன்படுத்தினார்கள். நெடுந்தூர நடையின்போது அதுவும் கிடைக்காமல், காற்சட்டையில் காய்ந்து விறைத்த இரத்தம் தொடைகளை உராய்ந்து காயப்படுத்தியதைப் பின்னாளில் பலர் சொல்லியிருக்கிறார்கள். பசியாலும் களைப்பாலும் பலருக்கு மாதவிடாயே நின்றுபோனது. போர் முடிந்தபின் தங்களால் கருத்தரிக்க முடியுமா என்ற அச்சம் அவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்தது. இவற்றைப் பற்றி மேலதிகாரியிடம் பேச வெட்கமும் பேசினால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயமும் இருந்ததால், குறைகள் மேலே எட்டவில்லை. எண்பது ஆண்டுகளுக்குப் பின் அதே நிலப்பரப்பில், 60,000க்கும் மேற்பட்ட பெண்கள் பணியாற்றும் உக்ரைன் படையில், பெண்களின் உடலமைப்புக்கேற்ற களச் சீருடை 2023ஆம் ஆண்டில்தான் அதிகாரப்பூர்வமாக ஏற்கப்பட்டது; அதுவரை அதைத் தைத்து அனுப்பியவை தன்னார்வ அமைப்புகள். சீருடை விஷயத்தில் படைத்துறைகள் விரைவாகக் கற்பதில்லை.

ரஸ்கோவா உருவாக்கிய மூன்று பிரிவுகளில் புகழ்பெற்றது 588ஆம் இரவுக் குண்டுவீச்சுப் பிரிவு. பின்னர் 46ஆம் காவலர் பிரிவு என்று பெயர் மாற்றப்பட்ட இதைத்தான் ஜெர்மானியர்கள் ‘இரவுச் சூனியக்காரிகள்’ என்று அழைத்தனர். விமானிகள், வழிகாட்டிகள், இயந்திரப் பழுதுநீக்குபவர்கள், குண்டு பொருத்துபவர்கள் என்று அதில் இருந்த அனைவரும் பெண்கள். அவர்கள் ஓட்டிய போ-2 வானூர்தி, பயிற்சிக்காகவும் வயல்களுக்கு மருந்து தெளிக்கவும் வடிவமைக்கப்பட்டது; ஒட்டுப்பலகையும் துணியும் கொண்டு செய்யப்பட்டது; மேலே கூரையற்ற இருக்கை உடையது. இலக்கை நெருங்கியதும் எஞ்சினின் ஓசையை அடக்கிக்கொண்டு சறுக்கியபடியே வந்து குண்டுகளைப் போட்டுவிட்டு, பிறகு எஞ்சினை முடுக்கித் தப்பிப்பது அவர்களுடைய முறை. எடையைக் குறைத்து அதிகக் குண்டுகள் கொண்டுசெல்வதற்காக 1944 வரை அவர்கள் பாராசூட் இல்லாமலேயே பறந்தார்கள். தீப்பிடித்தால் குதிக்க வழியில்லை என்பது ஒவ்வொருவருக்கும் தெரியும். நீண்ட குளிர்கால இரவொன்றில் ஒரே குழு பல முறை போய்வர, ஒவ்வொரு முறையும் விமானத்தின் அடியில் பனியில் மண்டியிட்டு, விரல் பிடிமானத்துக்காகக் கையுறையைக் கழற்றிவிட்டு, குண்டுகளைக் கையால் தூக்கிப் பொருத்தியவர்கள் தரையில் நின்ற இளம்பெண்கள். அந்தப் பிரிவு போரின் முடிவுக்குள் 23,000க்கும் மேற்பட்ட முறை தாக்குதலுக்குப் பறந்தது. வானில் பறந்தவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் ‘வீரர்’ பட்டம் பெற்றார்கள்; தரையில் நின்று டன் கணக்கில் குண்டு தூக்கியவர்களின் பெயர்களைத் தேடித்தான் அறிய வேண்டும்.

எண்ணிக்கையில் பார்த்தால், விமானிகளும் ஸ்னைப்பர்களும் அந்த 8 லட்சத்தில் ஒரு சிறு பகுதியே. செஞ்சேனை மருத்துவர்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினரும், செவிலியரில் கிட்டத்தட்ட எல்லோரும் பெண்கள். அவர்களுக்கும் முன்னால், குண்டு விழும் வெளியிலேயே வேலை செய்தவர்கள், படைப்பிரிவோடு இணைக்கப்பட்டு முதலுதவி செய்து காயமடைந்தவரை இழுத்துவரும் பொறுப்பிலிருந்த மருத்துவத் துணையாளர்கள். 1941 ஆகஸ்டில் ஸ்டாலின் பிறப்பித்த ஓர் ஆணை அவர்களுடைய வேலைக்கு அளவுகோல் வகுத்தது: காயமடைந்த 15 பேரை அவர்களுடைய துப்பாக்கியோடு சேர்த்துக் களத்திலிருந்து மீட்டால் போர்ச் சேவைப் பதக்கம், 25 பேருக்குச் செவ்விண்மீன் விருது, 40 பேருக்குச் செங்கொடி விருது, 80 பேருக்கு லெனின் விருது. துப்பாக்கியோடு என்ற நிபந்தனை கவனிக்கத்தக்கது. ஐம்பது கிலோ எடையுள்ள ஒரு பெண், தன்னைவிடக் கனமான ஆணை ஈரமான அங்கியோடும் ஆயுதத்தோடும் சேர்த்து, எதிரியின் பார்வையில் படாதபடி தவழ்ந்து இழுத்துவருவதே அந்த எண்களில் ஒவ்வொன்றின் பொருள். சினைடா துஸ்னோலோபோவா என்ற மருத்துவத் துணையாளர் இவ்வாறு 100க்கும் மேற்பட்டோரை மீட்டவர். 1943 பிப்ரவரியில் கூர்ஸ்க் பகுதியில் தம் படை அதிகாரியை மீட்கப் போனபோது காயம்பட்டுப் பனியில் கிடந்து, உறைகுளிரால் திசுக்கள் அழுகி, இரு கைகளையும் இரு கால்களையும் இழந்தார்.

புகழ் வெளிச்சத்துக்கு வராத மற்றொரு கூட்டமும் உண்டு. தொலைபேசி இணைப்பாளர்கள், சமையல்காரர்கள், சாலைச் சந்திகளில் கொடியசைத்துப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தியவர்கள், மைன் எனப்படும் நிலக்கண்ணிகளை அகற்றியவர்கள், படைக்குத் துணி துவைத்தவர்கள். சலவைப் பிரிவுகளுக்கு மலைமலையாக வந்தவை கருப்பாக உறைந்த இரத்தமும் பேனும் நிறைந்த சட்டைகள். குளிர்காலத்தில் அவற்றைக் காரச் சோப்பும் கொதிநீரும் கொண்டு கையால் துவைத்தவர்களுக்கு விரல்நகம் பெயர்ந்துபோவது வழக்கமான நிகழ்ச்சியாக இருந்தது. இவர்களுக்கும் ‘போரில் பங்கேற்றவர்’ என்ற தகுதி உண்டா என்ற கேள்வி, போர் முடிந்த பின் அலுவலக மேசைகளில் எழுந்தபோது, பதில் பல நேரம் இவர்களுக்குச் சாதகமாக இல்லை.

ஆண்களின் நடுவில் வாழ்ந்த அனுபவத்தை ஒரே நிறத்தில் தீட்ட இயலாது. தங்களைத் தங்கை போலக் காத்த, ரொட்டியின் பெரிய துண்டை ஒதுக்கித் தந்த ஆண் தோழர்களைப் பற்றிப் பெண்கள் நன்றியோடு பேசியிருக்கிறார்கள். அதே பெண்கள், இரவில் பதுங்குகுழியின் வாசலில் தடியோடு உறங்க நேர்ந்ததையும், மேலதிகாரியின் விருப்பத்துக்கு இணங்க மறுத்ததால் ஆபத்தான பணிக்கு அனுப்பப்பட்டதையும் சொல்லியிருக்கிறார்கள். அதிகாரிகள் பலர் போர்முனையில் ஒரு பெண்ணோடு வாழ்ந்தார்கள். அந்தப் பெண்ணைக் ‘கள மனைவி’ என்று எல்லோரும் அழைத்தார்கள். அந்த உறவுகளில் உண்மையான காதலும் இருந்தது, பாதுகாப்புக்கான பேரமும் இருந்தது, கட்டாயமும் இருந்தது. கருவுற்ற பெண் படையிலிருந்து விலக்கப்பட்டு ஊருக்கு அனுப்பப்பட்டாள். அதிகாரி போர்முனையிலேயே இருந்து, வெற்றிக்குப் பின் பெரும்பாலும் தம் பழைய குடும்பத்துக்குத் திரும்பினார்.

அவ்வாறு திரும்பிய பெண்ணின் நிலையை நிர்ணயித்தது, போர் முடியுமுன்பே, 1944 ஜூலை 8 அன்று வெளியான குடும்பச் சட்ட ஆணை. பத்துக் குழந்தைகளைப் பெற்று வளர்த்தவருக்கு ‘வீரத் தாய்’ பட்டம் தந்தது, தாய்மைப் பதக்கங்களை ஏற்படுத்தியது, மணவிலக்கைக் கடினமாக்கியது, குழந்தையற்றோருக்கும் ஒன்றிரண்டு குழந்தைகள் மட்டும் உள்ளோருக்கும் வரி விதித்தது ஆகியவை அதன் வெளித்தெரிந்த பக்கம். திருமணம் பதிவு செய்யாத உறவில் பிறந்த குழந்தைக்குத் தந்தை யார் என்று நீதிமன்றத்தில் நிறுவவும், அவரிடம் பராமரிப்புத் தொகை கோரவும் பெண்ணுக்கு இருந்த உரிமையை அது பறித்தது என்பது அதன் மறுபக்கம். அத்தகைய குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் தந்தை பெயருக்குரிய இடம் கோடிட்டு விடப்பட்டது. இந்த நிலை 1968 வரை நீடித்தது. கருக்கலைப்பு 1936 முதலே தடைசெய்யப்பட்டிருந்தது; அத்தடை 1955இல்தான் நீங்கியது. 2 கோடியே 70 லட்சம் உயிர்களை இழந்த நாடு மக்கள்தொகையை நிரப்ப விரும்பியது இயல்பே. ஆனால் சட்டத்தின் சுமை யார் தலையில் விழுந்தது என்பதில் ஐயமில்லை: போர்முனையில் பெண்ணோடு வாழ்ந்த ஆணுக்குப் பொறுப்பிலிருந்து விடுதலை கிடைத்தது, தகப்பன் பெயரற்ற குழந்தையோடு, ‘அங்கே எப்படி இருந்திருப்பாள்’ என்ற ஊராரின் பேச்சையும் தாங்கிக்கொண்டு அவள் வாழ வேண்டியதாயிற்று.

அந்தப் பேச்சு, குழந்தையோடு வந்தவர்களை மட்டும் தாக்கவில்லை. படையில் இருந்தவள் என்பதே போதுமானதாயிற்று. போர்ச் சேவைப் பதக்கத்தின் பெயரையே ஆபாசமாகத் திரித்து, அது படுக்கையில் ஈட்டியது என்று பொருள்படும்படி கேலி செய்வது நாடெங்கும் பரவிய நகைச்சுவையானது. பதினைந்து பேரைத் தோளிலும் முதுகிலும் இழுத்துவந்து அதைப் பெற்ற பெண் பேருந்தில் அதை அணிந்து ஏறத் தயங்கினாள். 1959 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதும் ஆண்களைவிடப் பெண்கள் 2 கோடிக்கும் அதிகமாக இருந்த நாட்டில், மணமகன் கிடைப்பதே அரிதாக இருந்த சூழலில், பின்னணியில் தங்கிவிட்ட பெண்கள் போர்முனையிலிருந்து வந்தவர்களைப் போட்டியாளர்களாகப் பார்த்தார்கள். கூட்டுக் குடியிருப்பில் சமையலறையைப் பகிர்ந்துகொண்ட அண்டைவீட்டுக்காரிகள் ஏசினார்கள். வீடு திரும்பிய மகளைச் சில நாள் உபசரித்துவிட்டு, தங்கைகளுக்குத் திருமணம் ஆக வேண்டும் என்பதால் வேறெங்காவது போய்விடும்படி கேட்டுக்கொண்ட தாயைப் பற்றிய வாக்குமூலம் ஒன்றும் பதிவாகியிருக்கிறது. பலர் பதக்கங்களைப் பெட்டிக்குள் பூட்டினார்கள். சிலர், காயமுற்றோருக்குரிய சலுகையைப் பெறத் தேவையான சான்றுகளையே கிழித்தெறிந்தார்கள். திருமணத்துக்கு முன் உண்மையைச் சொல்வதா என்ற கேள்வி, உதவித்தொகையா திருமண வாழ்க்கையா என்ற கேள்வியாகவும் இருந்தது என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

அரசின் குரல் இதற்கு மாறாக ஒலித்திருக்கலாம், ஒலிக்கவில்லை. 1945 ஜூலையில் படையிலிருந்து விடுவிக்கப்பட்ட பெண்களைச் சந்தித்த மிகயில் கலீனின், அதாவது அப்போதைய நாட்டுத் தலைவர் பதவியில் இருந்தவர், அவர்கள் நாட்டுக்காப்பிலும் சமத்துவத்தை ஈட்டிவிட்டதாகப் பாராட்டினார். உடனே, இனிவரும் வேலைகளில் பெருமை கொண்டாட வேண்டாம் என்றும், தாங்கள் செய்த சேவையைப் பற்றித் தாங்களே பேசாமல் மற்றவர்கள் பேசும்படி விட்டுவிட வேண்டும் என்றும் அறிவுரை கூறினார். முதியவர் ஒருவர் தந்தையின் பரிவோடு சொன்ன சொல்லாக அது தோன்றலாம். ஆனால் அந்த மற்றவர்கள் இருபது ஆண்டுகள் பேசவில்லை. பெண் விமானப் பிரிவுகள் கலைக்கப்பட்டன; வான்படையில் தொடர விரும்பிய பெண்களில் மிகச் சிலருக்கே இடம் கிடைத்தது. 1948 தொடக்கத்திலிருந்து விருதுகளுக்கு மாதந்தோறும் வழங்கப்பட்ட தொகை நிறுத்தப்பட்டது. வெற்றி நாளான மே 9 விடுமுறையும் அவ்வாண்டு முதல் இல்லாமற்போயிற்று. இவை ஆண் வீரர்களையும் பாதித்தவையே. ஆணுக்கு, முன்னாள் வீரன் என்ற அடையாளம் கட்சியிலும் ஆலையிலும் கிராமச் சபையிலும் பதவிக்குப் படிக்கட்டாக எஞ்சியிருந்தது. பெண்ணுக்கு அந்த அடையாளமே மறைக்கவேண்டிய ஒன்றாக இருந்ததால், அவள் இழந்தது இரட்டிப்பு.

எதிரியிடம் பிடிபட்டவர்களின் கதை இன்னும் கசப்பானது. பிடிபடுவதே துரோகத்துக்கு நெருக்கமான குற்றமாகக் கருதப்பட்ட அமைப்பில், தாக்குதல் விமானி அன்னா யெகோரோவா 1944 ஆகஸ்டில் போலந்துப் பகுதியில் சுட்டு வீழ்த்தப்பட்டு, தீக்காயங்களோடு ஜெர்மானியக் கைதி முகாமில் கிடந்து, 1945 ஜனவரி இறுதியில் தம் நாட்டுப் படையாலேயே விடுவிக்கப்பட்டார். விடுதலைக்குப் பின் அவரை எதிர்கொண்டது, ஸ்மேர்ஷ் என்ற இராணுவ எதிருளவுப் பிரிவின் தொடர் விசாரணை. இறந்துவிட்டார் என்று எண்ணி அவருக்குப் பரிந்துரைக்கப்பட்டிருந்த ‘வீரர்’ பட்டம், அவர் உயிரோடிருப்பது தெரிந்தபின் கிடப்பில் போடப்பட்டு 1965இல் வழங்கப்பட்டது. பல எதிரி விமானங்களை வீழ்த்திய லிடியா லித்வியாக் 1943 ஆகஸ்ட் 1 அன்று வானில் காணாமற்போனார். உடல் கிடைக்காததால் பிடிபட்டிருக்கலாம் என்ற ஐயம் அரை நூற்றாண்டுக்கு அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்து, 1990இல்தான் பட்டம் அறிவிக்கப்பட்டது. அப்போது பட்டம் தந்த அரசுக்கே இன்னும் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுதான் ஆயுள் எஞ்சியிருந்தது.

எல்லோருடைய வாழ்வும் இருண்டுவிட்டது என்று கூறுவதும் பிழையாகும். 309 எதிரி வீரர்களை வீழ்த்தியவராகப் பதிவு பெற்ற லுத்மிலா பவ்லிசென்கோ, 1942இல் ஆதரவு திரட்ட அமெரிக்கா சென்றபோது அங்குள்ள செய்தியாளர்கள் உதட்டுச்சாயம் பற்றியும் பாவாடையின் நீளம் பற்றியும் கேட்ட கேள்விகளைச் சமாளித்தவர். போருக்குப் பின் வரலாற்றுப் படிப்பை முடித்துக் கடற்படைத் தலைமையகத்தில் ஆய்வாளராகப் பணிபுரிந்தார். இரவுக் குண்டுவீச்சுப் பிரிவின் பணித்தலைமை அதிகாரியாக இருந்த இரீனா ரகோபோல்ஸ்கயா, மாஸ்கோ பல்கலைக்கழகத்துக்குத் திரும்பி இயற்பியல் பேராசிரியரானார். அதே பிரிவின் விமானி யெவ்கேனியா ஷிகுலென்கோ, பின்னாளில் திரைப்பட இயக்கம் பயின்று, தம் தோழியரைப் பற்றிய படமொன்றை 1981இல் எடுத்தார். கைகால்களை இழந்த துஸ்னோலோபோவாவை, போருக்கு முன் நிச்சயித்தவரே வந்து மணந்துகொண்டார். இருவரும் பெலாரூஸின் போலொத்ஸ்க் நகரில் வாழ்ந்து குழந்தைகளை வளர்த்தார்கள். 1957இல் அவருக்கு ‘வீரர்’ பட்டம் வந்தது. இவர்கள் அனைவரும் பட்டமோ பதவியோ உயர்கல்வியோ உடையவர்கள் என்பதைப் பார்க்கும்போது, சலவைப் பிரிவிலும் சமையற்கூடத்திலும் இருந்தவர்கள் எதைக் கைத்துணையாகக் கொண்டு மீண்டிருப்பார்கள் என்ற கேள்வி எழாமலிருக்காது.

1965இல் வெற்றியின் இருபதாம் ஆண்டையொட்டி பிரெஷ்னேவ் அரசு மே 9ஐ மீண்டும் விடுமுறையாக்கியது. அதே நேரத்தில் மார்ச் 8 மகளிர் நாளும், பெண்கள் நாட்டைக் காத்ததை மற்றக் காரணங்களோடு குறிப்பிட்டு, விடுமுறையாக அறிவிக்கப்பட்டது. பழைய படைப்பிரிவினர் கூடினார்கள், பதக்கங்கள் பெட்டியிலிருந்து வெளியே வந்தன. ஆனால் அந்த மேடைகளில் பேசத்தக்கவை எவை என்பது முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டிருந்தது. இந்த எல்லையை உடைத்தவர் பெலாரூஸைச் சேர்ந்த பத்திரிகையாளர் ஸ்வெத்லானா அலெக்சியேவிச். போர் முடிந்து மூன்றாண்டு கழித்துப் பிறந்த அவர், 1970களின் பிற்பகுதியில் ஒலிப்பதிவுக் கருவியோடு ஊர் ஊராகச் சென்று நூற்றுக்கணக்கான பெண்களைச் சந்தித்தார். பல வீடுகளில் கணவர் குறுக்கிட்டு, போரின் பொதுவான வரலாற்றை மனைவிக்கு முந்திய இரவே படிக்கக் கொடுத்து, ‘சரியாகச்’ சொல்லும்படி பணித்திருந்தார். சமையலறையில் தனியே அமர்ந்தபின்தான் அந்தப் பெண் தன் சொந்தப் போரைச் சொல்லத் தொடங்கினாள். மாதவிடாய், பயம், பேன், சிவப்பு நிறத்தைப் பார்க்கவோ இறைச்சிக் கடைக்குள் நுழையவோ பல ஆண்டுகள் முடியாமற்போனது ஆகியவை நிறைந்த அந்தப் பதிவு வெற்றியை இழிவுபடுத்துகிறது என்று தணிக்கையாளர்கள் கருதியதால், நூல் இரண்டாண்டுகள் முடங்கிக் கிடந்து, அரசியல் காற்று மாறிய 1985இல் வெளிவந்து, இருபது லட்சம் படிகளுக்கு மேல் விற்றது. ஆசிரியருக்கு 2015இல் இலக்கிய நோபல் பரிசு கிடைத்தது.

இந்த வரலாற்றை வாசிப்போர் இரண்டு எளிய முடிவுகளுக்குப் போய்விடுகிறார்கள். சோவியத் பெருமிதக்காரர்கள் இதைச் சமத்துவத்தின் வெற்றியாகக் காட்டி, 1945க்குப் பிந்தியதைச் சொல்லாமல் விடுகிறார்கள். எதிர்த்தரப்பினர் அந்தப் பெண்களை அரசின் கைப்பாவைகளாகவும் பலியாட்களாகவும் மட்டும் காட்டி, அவர்களாகவே வந்து, வயதைக் கூட்டிச் சொல்லி, திருப்பி அனுப்பினாலும் மறுநாள் மீண்டும் வந்து நின்றதைச் சொல்லாமல் விடுகிறார்கள். முதுமையில் பேசிய பெண்களில் பெரும்பாலோர் தாம் போருக்குப் போனதற்காக வருந்தவில்லை. திரும்பி வந்தபின் நடத்தப்பட்ட விதமே அவர்களுடைய மனக்குறை. அவர்கள் சொல்லாத கருத்தை அவர்கள் மீது ஏற்றுவதும், அவர்களைப் பேசவிடாத பழைய வழக்கத்தின் வேறொரு வடிவமாகிவிடும்.

இந்தியாவில் இந்தக் கேள்விகள் தொலைவில் இல்லை. பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணியும் கட்டளைப் பொறுப்பும் தரலாமா என்ற வழக்கில், கிராமப்புறத்திலிருந்து வரும் ஆண் வீரர்கள் பெண்ணின் கட்டளையை ஏற்க மனத்தளவில் தயாராக இல்லை என்று ஒன்றிய அரசு தரப்பில் சொல்லப்பட்ட வாதத்தை உச்ச நீதிமன்றம் 2020 பிப்ரவரியில் நிராகரித்தது. தேசியப் பாதுகாப்புக் கல்விக்கழகத்தில் முதன்முதலாகச் சேர்ந்த பெண்களில் 17 பேர் 2025 மே மாதம் பயிற்சி முடித்து வெளிவந்தார்கள். நுழைவாயில் பற்றி இங்கே நடக்கும் விவாதத்தில் நூற்றில் ஒரு பங்கு கூட, வெளியே வந்தபின் என்ன என்பதைப் பற்றி நடப்பதில்லை. 1943இல் சிங்கப்பூரில் கேப்டன் லட்சுமியின் தலைமையில் அமைந்த ஜான்சி ராணி படைப்பிரிவில், மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழ்க் குடும்பங்களின் பெண்கள் திரளாகச் சேர்ந்தார்கள். லட்சுமி, ஜானகி ஆதி நாகப்பன் போன்ற தலைவர்களின் பிற்கால வாழ்க்கை நன்கு அறியப்பட்டிருக்க, படை கலைந்தபின் தோட்டத்துக்கே திரும்பிய பெண்கள் என்ன ஆனார்கள் என்பதற்குக் கிடைக்கும் பதிவுகள் மிகச் சொற்பம். அந்தப் பெண்களைக் கேட்பதற்கான காலம் முடிந்துவிட்டது.

முடியாதது ஒன்று இருக்கிறது. 1971 போரின்போது இராணுவ மருத்துவமனைகளில் காயமுற்றோரைக் கவனித்த இராணுவச் செவிலியர் பணியைச் சேர்ந்த பெண்களும், பெண் மருத்துவ அதிகாரிகளும் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்; அவர்களில் அன்று 22 வயதில் பணிக்கு வந்தவருக்கு இன்று 75 வயது கடந்துவிட்டது. தமிழகத்திலும் கேரளத்திலும் ஓய்வுபெற்று வாழும் இவர்களை வீடு தேடிச் சென்று, குடும்பத்தாரின் திருத்தம் இல்லாமல் அவர்கள் சொல்வதை ஒலிப்பதிவு செய்யும் பணியைப் பல்கலைக்கழக வரலாற்றுத் துறைகளும் முன்னாள் படைவீரர் நல அலுவலகங்களும் இணைந்து இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்க வேண்டும். அதற்குத் தேவைப்படுவது ஒலிப்பதிவுக் கருவியும், பயணப்படியும், கேட்கத் தெரிந்த சில மாணவர்களும்தான்.